சம்பளக்காரர் ஏறிய தலைமை நாற்காலி

பங்கு வெளியிட்டுப் பொதுமக்களிடம் முதல் திரட்டிய இந்திய நிறுவனங்களில், இயக்குநர் குழுவின் தலைமை இடம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம், அங்கே வேலை பார்த்து மேலே வந்தவருக்குப் பெரும்பாலும் எட்டாததாகவே இருந்தது. இயக்குநர் குழு என்பது பங்குதாரர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்களித்து அமர்த்தும் சிறிய அவை. நிறுவனத்தை நடத்துவோரைக் கண்காணிப்பதும், தேவைப்பட்டால் அவர்களை மாற்றுவதும் அதன் பொறுப்பு. சட்டத்தின் ஏட்டில் இப்படி இருந்தாலும், நடைமுறையில் அந்த அவையின் தலைமை முதல் போட்ட குடும்பத்தின் மூத்தவருக்கோ, நிர்வாகத்தை ஒப்பந்தத்தில் எடுத்திருந்த வணிக இல்லத்தின் பங்காளிக்கோ போய்ச் சேர்ந்தது. மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்த ஓர் இந்தியர், பிறப்பாலோ பங்குடைமையாலோ அல்லாமல் உத்தியோக ஏணியில் படிப்படியாக ஏறி, 1961இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தலைவரானார். அவர் பிரகாஷ் டாண்டன். அந்த நியமனம் எதனால் நிகழ்ந்தது, அந்த நாற்காலிக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பவற்றை அறிய, அதற்கு முந்தைய ஏற்பாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஏற்பாட்டின் பெயர் மேனேஜிங் ஏஜென்சி. ஒரு வணிக இல்லம் பஞ்சாலை ஒன்றையோ தேயிலைத் தோட்டத்தையோ தனி நிறுவனமாகப் பதிவு செய்து, அதன் பங்குகளில் பெரும்பகுதியை வெளியாருக்கு விற்றுவிட்டு, நிர்வாகத்தை மட்டும் நீண்டகால ஒப்பந்தத்தின் வழியே தன் கையில் வைத்துக்கொள்ளும். ஒப்பந்தப்படி அந்த முகமை இல்லத்துக்கு அலுவலகப் படி தனி, உற்பத்தியின் மேலோ விற்பனையின் மேலோ தரகு தனி. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நூற்ற ஒவ்வொரு பவுண்டு நூலுக்கும் காலணா என்று தரகு எடுத்த காலம் இருந்ததால், ஆலை நட்டத்தில் ஓடிய ஆண்டிலும் முகமையருக்குப் பணம் வந்தது. கல்கத்தாவில் ஆண்ட்ரூ யூல், பேர்டு போன்ற இல்லங்கள் சணல், நிலக்கரி, தேயிலை நிறுவனங்களைக் கொத்துக் கொத்தாக இப்படி ஆண்டன. சென்னையில் பின்னி நிறுவனம் 1876இல் தொடங்கிய பக்கிங்ஹாம் ஆலையையும் 1881இல் தொடங்கிய கர்நாடிக் ஆலையையும் இதே முறையில் நடத்தியது. 1906 அக்டோபரில் அர்பத்நாட் வணிக இல்லம் கவிழ்ந்து சென்னையின் வர்த்தக உலகம் ஆட்டம் கண்டபோது பின்னியும் விழுந்து, பிற்காலத்தில் இஞ்ச்கேப் பிரபு என்று பட்டம் பெற்ற ஜேம்ஸ் மக்கேயின் கைக்குப் போனது. முகமை கைமாறியதும் பெரம்பூர் ஆலைகளின் நிர்வாகமும் அதோடு சேர்ந்து கைமாறியது. ஆலையை வாங்காமலே ஆலையின் ஆட்சியை வாங்க முடிந்தது என்பதுதான் இந்த முறையின் சாரம்.

இத்தகைய இல்லங்களில் உத்தியோகம் இரு தட்டுகளாகப் பிரிந்திருந்தது. மேல்தட்டில் இருந்தவர்கள் பிரிட்டனிலேயே ஒப்பந்தம் எழுதிக் கப்பலேறி வந்த ஐரோப்பிய உதவியாளர்கள்; ‘கவனன்டட்’ உத்தியோகஸ்தர்கள் என்று அவர்களைக் குறிப்பிடுவார்கள். வீடு, கப்பல் பயணச் செலவு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாயகம் போய்வர நீண்ட விடுப்பு ஆகியவை அவர்களுடைய ஒப்பந்தத்தில் அடக்கம். கீழ்த்தட்டில் குமாஸ்தாக்களும் கணக்கர்களும், சென்னையில் என்றால் ஊர் வணிகர்களுக்கும் வெள்ளைக்கார இல்லத்துக்கும் நடுவே நின்ற துபாஷிகளும் இருந்தார்கள். துபாஷிகளில் பெரும் பணக்காரர்கள் இருந்ததுண்டு. ஆயினும் முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு இடமில்லை. முதல் தட்டில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவர் பங்காளியாகலாம். இரண்டாம் தட்டில் நாற்பது ஆண்டுகள் உழைத்தவரும் தலைமைக் குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றார்.

சட்டம் இந்த முறையை ஒரே வெட்டாக வீழ்த்தவில்லை. 1936இல் வந்த நிறுவனச் சட்டத் திருத்தம் முகமை ஒப்பந்தத்துக்கு இருபது ஆண்டு வரம்பு விதித்து, இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முகமையர் நியமிக்கக் கூடாது என்றது. விடுதலைக்குப் பின் சி. எச். பாபா தலைமையிலான குழுவின் அறிக்கையை ஒட்டி எழுந்த 1956ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், முகமையரின் ஊதியத்துக்கும் அவர்கள் ஆளக்கூடிய நிறுவனங்களின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வைத்தது. கடைசியில் 1970 ஏப்ரல் 3 முதல் மேனேஜிங் ஏஜென்சி அடியோடு ஒழிந்தது. அதற்குள் இந்தியப் பொது நிறுவனங்கள், தலைமைக்கு வேறு வகையான ஆளைத் தேட வேண்டிய நிலைக்கு வந்திருந்தன.

லீவர் நிறுவனம் இந்த முகமை உலகத்துக்கு வெளியே வளர்ந்தது என்பது முக்கியமானது. 1888இல் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கியது முதல் அதன் இந்திய வணிகம் தொடங்குகிறது. இறக்குமதிச் சரக்கை ஊரூராகக் கொண்டுபோக உள்ளூர் விநியோகஸ்தர்கள் வேண்டியிருந்தது. தென்னிந்தியாவில் அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர், பின்னாளில் மத்திய நிதியமைச்சரான டி. டி. கிருஷ்ணமாச்சாரி. 1931இல் வனஸ்பதி தயாரிக்க ஒன்று, 1933இல் சோப்புக்கு ஒன்று, 1935இல் பிற பொருள்களுக்கு ஒன்று என மூன்று துணை நிறுவனங்கள் பதிவாயின. துணை நிறுவனம் என்பது பங்குகள் முழுவதையுமோ பெரும்பகுதியையோ வேறொரு நிறுவனம், அதாவது தாய் நிறுவனம், வைத்திருக்கும் நிறுவனம். இடையில் முகமை இல்லம் எதுவும் இல்லாததால், இங்கு மேலே இருந்தவர்கள் பங்காளிகள் அல்லர். வெள்ளையரும் உட்பட எல்லோரும் சம்பளக்காரர்கள். இந்தியர் ஒருவர் உச்சிக்குப் போவதற்கு இனத்தடை இருந்தது. சொத்துத் தடை இல்லை. இனத்தடையைக் காலமும் அரசியலும் தளர்த்த முடிந்தது.

டாண்டன் 1911இல் பஞ்சாபில் பிறந்தவர். தந்தை பாசனத் துறையில் பொறியாளர். 1929இல் இங்கிலாந்து சென்று மான்செஸ்டரில் வணிகவியல் படித்துப் பட்டயக் கணக்காயராகத் தேறித் திரும்பியவருக்கு, அன்றைய பிரிட்டிஷ் நிறுவனங்களில் அந்தத் தகுதிக்கேற்ற இடம் கிடைப்பது எளிதாக இல்லை. 1937இல் பம்பாயில் லீவர் நிறுவனத்தில் சேர்ந்தவர் விளம்பரத்திலும் சந்தை ஆய்விலும் வேலை கற்றார். அது டால்டா சந்தைக்கு வந்த ஆண்டு. நெய்க்குப் பழகிய வீடுகளில் வனஸ்பதியை நுழைப்பது சாதாரண வேலையல்ல. தெருவில் டால்டா டப்பாவின் வடிவிலேயே செய்த உருளை வண்டி ஓடியது, திரையரங்குகளில் குறும்படம் காட்டினார்கள், படிக்கத் தெரிந்தவர்களுக்குத் துண்டறிக்கை கொடுத்தார்கள். வாங்குகிறவர் யார், எந்த அளவில் வாங்குகிறார், எதற்காகத் தயங்குகிறார் என்பதையெல்லாம் வீடுவீடாகக் கேட்டறிந்து சொல்ல, இந்த நாட்டின் சமையலறையை உள்ளிருந்து அறிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். ஐரோப்பிய உதவியாளரால் எளிதில் நிரப்ப முடியாத இந்த வேலை, இந்திய அதிகாரிகளுக்கு நிறுவனத்துக்குள் ஒரு தனி மதிப்பைத் தந்தது என்று கொள்வதில் தவறில்லை.

1942இல் தாய் நிறுவனமான யூனிலீவர், இளநிலை, முதுநிலை நிர்வாகப் பதவிகளில் ஐரோப்பியருக்குப் பதிலாக இந்தியரைப் பயிற்றுவித்து அமர்த்துவது என்று உறுதியான முடிவெடுத்தது. வெள்ளையனே வெளியேறு இயக்கம் எழுந்த அதே ஆண்டு அது. பிரிட்டிஷ் இளைஞர்கள் போர்முனையில் இருந்தார்கள் என்பதையும், இந்தியாவின் விடுதலை நெருங்குகிறது என்று வணிகர்களுக்கு அரசியல்வாதிகளைப் போலவே தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த முடிவைப் பெருந்தன்மை என்று எழுதுவது மிகை. முன்யோசனை என்பதே பொருத்தம். 1951இல் டாண்டன் முதல் இந்திய இயக்குநரானார்; திருச்சி, காசியாபாத், ஷாம்நகர் ஆகிய ஊர்களின் வனஸ்பதி ஆலைகளை நிறுவனம் வாங்கியதும் அவ்வாண்டில்தான். 1955இல் மேலாளர்களில் 65 விழுக்காட்டினர் இந்தியர். 1956இல் மூன்று துணை நிறுவனங்களும் இணைந்து இந்துஸ்தான் லீவர் லிமிடெட் உருவாகி, பங்குகளில் 10 விழுக்காடு இந்தியப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. 1961இல் டாண்டன் தலைவரானபோது அங்கிருந்த 205 மேலாளர்களில் 191 பேர் இந்தியர். அவர் தலைவரானதால் நிறுவனம் இந்தியமயமாகவில்லை. கீழிருந்து ஏறக்குறைய முழுவதும் இந்தியமயமான பிறகே உச்சி இடம் மாறியது. தேசியப் பெருமிதத்தோடு சொல்லப்படும் கதையில் இந்த வரிசை பல வேளைகளில் தலைகீழாகிவிடுகிறது.

அந்த நாற்காலியின் அதிகாரத்தைப் புரிந்துகொள்ள இரண்டு பதவிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இயக்குநர் குழுவின் தலைவர் அவையை நடத்துபவர். நிகழ்ச்சி நிரலை முடிவு செய்து, கேள்வி எழ வழிவிட்டு, நிர்வாகத்தை அவைக்குப் பதில் சொல்ல வைப்பவர். நிர்வாக இயக்குநர் அன்றாடம் நிறுவனத்தை நடத்துபவர், அதாவது அந்த அவைக்குப் பதில் சொல்ல வேண்டியவர். இந்துஸ்தான் லீவரில் டாண்டன் காலத்திலும் அதற்குப் பின் நெடுங்காலமும் தலைவரே நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாகவும் இருந்தார். கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒருவரே. ஆனால் அவர் தட்டிக்கேட்க ஆளில்லாதவர் அல்லர். டாண்டன் காலத்தில் பங்குகளில் 85 முதல் 90 விழுக்காடு வரை தாய் நிறுவனத்திடம் இருந்ததால், உண்மையான அவை பம்பாயில் கூடவில்லை. யூனிலீவர் 1930இல் பிரிட்டிஷ், டச்சு நிறுவனங்கள் சேர்ந்து உருவானது; அதன் உச்சியில் லண்டன், ராட்டர்டாம் ஆகிய இரு தலைமை நிறுவனங்களின் தலைவர்களையும் உள்ளடக்கிய மூவர் குழு ஒன்று ‘ஸ்பெஷல் கமிட்டி’ என்ற பெயரில் இயங்கியது. இந்தியாவில் ஆராய்ச்சி தொடங்க 1957இல் அந்த மூவர்தாம் ஒப்புதல் தந்தார்கள். சவர்க்காரத்தோடு நிற்காமல் வேதிப்பொருள் தயாரிப்பிலும் இறங்கும் திட்டத்தை 1971இல், டாண்டனுக்குப் பின் தலைவரான வி. ஜி. ராஜாத்யக்ஷா, அதே மூவர் முன் வைத்து ஒப்புதல் பெற்றார். பொதுக்கூட்டத்தில் இந்தியப் பங்குதாரர்கள் முன் தலைவர் ஆற்றிய உரை மறுநாள் நாளிதழ்களில் முழுப் பக்கத்துக்கு வெளியாகும் வழக்கம் இருந்தது. நாட்டின் பொருளாதாரம் பற்றிய சொற்பொழிவாகவே அதைப் படித்தார்கள். வாக்கின் கணக்குப்படி அந்தக் கூட்டத்தால் அவரை நீக்க முடியாது.

1968இல் லீவரை விட்டு விலகிய டாண்டன், எஸ்.டி.சி. எனப்படும் அரசு வர்த்தகக் கழகத்தின் தலைவரானார்; 1972 முதல் 1975 வரை தேசியமயமான பஞ்சாப் நேஷனல் வங்கிக்குத் தலைமை வகித்தார். நிறுவனங்களுக்கு வங்கிகள் தரும் நடைமுறை மூலதனக் கடனுக்கு அளவுகோல் வகுக்க ரிசர்வ் வங்கி 1974இல் அமைத்த ஆய்வுக் குழுவுக்கும் அவரே தலைவர். வங்கியாளர்களின் பேச்சில் ‘டாண்டன் கமிட்டி’ இன்றும் உயிரோடிருக்கிறது. தனியார் துறையின் சம்பளத் தலைவரைப் பொதுத்துறை இவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் எளியது. அங்கும் தலைவர் பதவியும் நிர்வாக இயக்குநர் பதவியும் ஒருவரிடமே இருந்தன. அங்கும் அவரை அமர்த்தியதும் நீக்கக் கூடியதும் பெரும்பங்கு வைத்திருந்த ஒரே உரிமையாளர்தான். லண்டன் மூவரின் இடத்தில் டெல்லி அமைச்சகம் இருந்தது, அவ்வளவே.

டெல்லியோடு பேசும் திறமை லீவர் தலைவருக்கும் தலையாய தகுதியாகிவிட்டிருந்தது. 1966இல் வனஸ்பதிக்குச் சட்டபூர்வமான விலைக் கட்டுப்பாடும், 1968இல் சோப்புக்கு முறைசாராக் கட்டுப்பாடும் வந்தன. எண்ணெய் விலை ஏறினாலும் சோப்பின் விலையை அரசு ஒப்பாமல் ஏற்ற முடியாது. 1973இல் தலைவரான டி. தாமஸ் பொறுப்பேற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் சோப்பு, வனஸ்பதி இரண்டின் மேலிருந்த கட்டுப்பாடும் விலகிவிட்டது. அதைவிடப் பெரிய சோதனை, 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம். வெளிநாட்டார் வைத்திருக்கும் பங்கு 40 விழுக்காட்டுக்குக் குறைய வேண்டும். உயர் தொழில்நுட்பத்திலோ அரசு முன்னுரிமை தந்த அடிப்படைத் தொழில்களிலோ ஈடுபட்டால் மட்டும் அதற்கு மேல் வைத்துக்கொள்ள இடமுண்டு. கோகோ கோலாவும் ஐ.பி.எம்மும் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறின. இந்துஸ்தான் லீவர் வேறு வழியில் சென்றது. ராஜாத்யக்ஷா வாங்கிவைத்த ஒப்புதலின் பலத்தில், சலவைத்தூளுக்கு வேண்டிய சோடியம் டிரைபாலிபாஸ்பேட் என்ற உப்பைத் தயாரிக்கும் ஆலை மேற்கு வங்கத்தின் ஹால்தியாவில் 1976இல் கட்டத் தொடங்கி 1979இல் இயங்கியது. தொழில் வளர்ச்சி குன்றிய ஜம்முவில் 1977இல் சலவைத்தூள் ஆலை திறந்தது. இந்தியர் வைத்திருந்த பங்கு 1977இல் 18.57 விழுக்காடாகவும் 1978இல் 34 விழுக்காடாகவும் ஏற, 1980இல் யூனிலீவரின் பங்கு 51 விழுக்காட்டில் நின்றது. அந்த ஒற்றை விழுக்காட்டுப் பெரும்பான்மைக்காக ஏழு ஆண்டுகள் நடந்த உழைப்பு அது. தலைவரின் நாற்காலி தாய் நிறுவனத்தின் கையில் நிலைத்தது; அதைக் காத்துக்கொடுத்த தாமஸ் யூனிலீவரின் தலைமை இயக்குநர் குழுவுக்கே உயர்ந்தார், அந்த அவையில் அமர்ந்த முதல் இந்தியராக.

பெரும்பங்கு உரிமையாளர் இல்லாத இடத்தில் சம்பளத் தலைவரின் கதை வேறுவிதமாகப் போனதை டாடா இரும்பாலையில் பார்க்கலாம். 1970இல் முகமை முறை ஒழிந்தபோது, டாடா நிறுவனங்களைச் சேர்த்துக் கட்டியிருந்த சட்டக் கயிறு அறுந்தது; டாடா சன்ஸ் கையில் அந்த ஆலைகளின் பங்கு மிகக் குறைவு. அதன்பின் குழுமத்தைப் பிணைத்தது பெரும்பாலும் ஜே. ஆர். டி. டாடாவின் மதிப்பும் அவர் வகித்த தலைமையும்தான். அந்த நிழலில் நிறுவனத் தலைமை அதிகாரிகள் குறுநில மன்னர்களைப் போல வளர்ந்தார்கள். 1939இல் இரும்பாலையில் சேர்ந்த ருசி மோடி, ஜாம்ஷெட்பூரில் தொழிலாளர்களின் பெயர் சொல்லிப் பழகி, 1984இல் அதன் தலைவராகவும் ஆனார். 1991இல் ரத்தன் டாடா குழுமத் தலைமைக்கு வந்து, ஓய்வு வயது விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு, 1993இல் இயக்குநர் குழு மோடியை வெளியேற்றியது. அரை நூற்றாண்டுப் பணியும் ஊரின் அன்பும் இருந்தும் குழுவில் ஆதரவு இல்லாமல் போனது. உரிமையாளரின் பிடி தளர்ந்திருந்த காலத்தில் ஓங்கிய தலைமை, பிடி இறுகியதும் விழுந்தது என்று இதைப் படிப்பதே சரியாகத் தோன்றுகிறது.

மோடி வெளியேறிய காலத்தில்தான் இரு பதவிகளையும் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு உலகில் வலுத்தது. பிரிட்டனில் 1992இல் வெளியான கேட்பரி அறிக்கை அதற்கு அடித்தளம். இந்தியாவில் பங்குச்சந்தைகளைக் கண்காணிக்கும் செபி, குமார் மங்கலம் பிர்லா குழுவின் பரிந்துரையை ஏற்று 2000இல் ஒரு விதி கொண்டுவந்தது: தலைவரே நிர்வாகியாகவும் இருந்தால் இயக்குநர்களில் பாதிப் பேரும், இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்கினரும், நிறுவனத்தோடு பணத் தொடர்போ உறவோ இல்லாத சுயேச்சை இயக்குநர்களாக இருக்க வேண்டும். 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கணக்கு மோசடி வெளிவந்தபோது இந்த ஏற்பாட்டின் ஓட்டை தெரிந்தது. அங்கே தலைவர் ராமலிங்க ராஜு, நிர்வாக இயக்குநர் ராம ராஜு. பதவிகள் இரண்டு, ஆட்கள் இருவர், அண்ணனும் தம்பியும். 2018இல் செபி, கோட்டக் குழுவின் அறிக்கையை ஒட்டி, முதல் 500 நிறுவனங்களில் தலைவர் நிர்வாகப் பொறுப்பில்லாதவராகவும் நிர்வாக இயக்குநருக்கு உறவினர் அல்லாதவராகவும் இருக்க வேண்டும் என்று விதித்தது. குடும்ப நிறுவனங்கள் எதிர்த்தன. 2020 ஏப்ரல் என்றிருந்த கெடு 2022 ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. 2021 இறுதியில் விதியை நிறைவேற்றியவை 54 விழுக்காடே என்ற நிலையில், 2022 பிப்ரவரியில் செபி அதை விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

இந்துஸ்தான் லீவர் இந்தக் கட்டங்களைத் தனக்கே உரிய கணக்கில் கடந்தது. 2005இல் ஹரிஷ் மன்வானி நிர்வாகப் பொறுப்பில்லாத தலைவரானபோது நாற்காலி இரண்டாகப் பிரிந்திருந்தது. ஆனால் மன்வானி அதே வேளையில் தாய் நிறுவனத்தின் உயர் நிர்வாகி. இந்திய நிறுவனத்தின் தலைமை அதிகாரி, இயக்குநர் குழுவில் மட்டுமல்லாமல் யூனிலீவரின் படிநிலையிலும் அவருக்குக் கீழே இருந்தார். அதற்கு அடுத்த ஆண்டே தலைமை அதிகாரியாக டக் பெய்லி வந்தார். 1961க்குப் பின் அந்த இடத்துக்கு வெளிநாட்டவர் ஒருவர் வந்தது அதுவே முதல்முறை. 2013இல் யூனிலீவர் சந்தையிலிருந்து பங்கு வாங்கித் தன் உடைமையை 67 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. 2018இல், பிரிக்கச் சொல்லும் விதி அறிவிக்கப்பட்ட சில வாரங்களிலேயே, சஞ்சீவ் மேத்தாவிடம் இரு பதவிகளும் மறுபடி ஒன்றாயின. விதி விருப்பத்துக்கு மாறிய அடுத்த மாதம், 2022 மார்ச்சில், நிறுவனம் அவற்றை மீண்டும் பிரித்து நிதின் பரஞ்ச்பேயைத் தலைவராக்கியது. பரஞ்ச்பே 1987இல் அங்கு வேலைக்குச் சேர்ந்து, 2008 முதல் 2013 வரை அதன் தலைமை அதிகாரியாக இருந்து, தலைவராகும்போது யூனிலீவரின் உயர் நிர்வாகக் குழுவில் இருந்தவர். 1995இல் அதே நிறுவனத்தில் சேர்ந்த பிரியா நாயர் 2025 ஆகஸ்ட் 1 அன்று அதன் நிர்வாக இயக்குநரானார், அந்த இடத்துக்கு வந்த முதல் பெண். கேள்வி கேட்கும் இடத்திலும் பதில் சொல்லும் இடத்திலும் இப்போது வெவ்வேறு ஆட்கள்; இருவரும் அந்த நிறுவனத்திலேயே வேலை கற்றவர்கள்.